சிவப்புத் துருவும் கருப்புப் படலமும்

இங்கிலாந்தின் பழம்பொருள் சந்தைகளில் மடக்குக் கத்தி விற்பவர்களின் மேசையைப் புதிதாகப் பார்ப்பவருக்கு ஒரு குழப்பம் வரும். ஒரே கம்பெனி செய்தவை, ஒரே மாதிரி, ஏறக்குறைய ஒரே வயது என்று இரண்டு கத்திகள் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். ஒன்றில் முகம் பார்த்துத் தலை வாரலாம், அவ்வளவு பளபளப்பு. மற்றதன் அலகு முழுக்கச் சாம்பல் நிறமும் கருநீலமுமாகத் திட்டுத்திட்டாக இருக்கும். விலை கேட்டால் கருத்துப்போனதற்குத்தான் கூடுதலாகச் சொல்வார்கள். விவரம் தெரிந்தவர்கள் பேரம் பேசாமல் அதைத்தான் எடுத்துக்கொண்டும் போவார்கள்.

இதைச் சேகரிப்பாளர்களின் விநோதப் பிரியம் என்று நான் நினைக்கவில்லை. கருத்த கத்தியில் இருக்கும் இரும்பு பெரும்பாலும் பட்டறையிலிருந்து வெளியே வந்த அதே இரும்பு. பளபளக்கும் கத்தியிலோ ஒரு பகுதி யாரோ ஒருவருடைய பாலிஷ் சக்கரத்தில் தூளாகப் போய்விட்டது. போனது திரும்பாது. பழைய கத்தியைச் சீர்செய்வது பற்றிய அறிவியல் முழுவதும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே நிற்கிறது: இரும்பு எப்படி அழிகிறது, எந்த இடத்தில் அதை நிறுத்தலாம், எதைத் தொடாமல் விட வேண்டும்.

மூடினால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் இந்தச் சாமானில் எத்தனை பொருள்கள் இருக்கின்றன என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். வெட்டும் அலகு கார்பன் மிகுந்த எஃகு. முதுகில் ஓடும் ஸ்பிரிங்கும் எஃகுதான், ஆனால் வேறு பதத்தில் காய்ச்சி எடுத்தது. இவற்றுக்கு இருபுறமும் பித்தளைத் தகடுகள். பிடியின் முனைகளில் ஜெர்மன் சில்வர் காப்பு. அதில் வெள்ளி துளியும் கிடையாது, செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த உலோகம் அது. பிடியின் மேல் எலும்போ, மான்கொம்போ, தந்தமோ, முத்துச்சிப்பியோ, செல்லுலாய்டோ பதித்திருக்கும். எல்லாவற்றையும் ஊடுருவிச் சில ஆணிகள். திருகு ஒன்றுகூட இருக்காது. ஆணியின் தலையைச் சுத்தியலால் தட்டிப் பரத்தி, மேலே தேய்த்துவிட்டால் காப்பும் ஆணியும் ஒரே உலோகம் என்பதால் ஆணி இருந்த இடமே தெரியாது.

அலகைத் திறக்கும்போதும் மூடும்போதும் கேட்கும் அந்த 'டக்' ஒலிக்குப் பின்னால் எளிமையான இயந்திரவியல் இருக்கிறது. முதுகு ஸ்பிரிங்கை இரண்டு ஆணிகள் இறுகப் பிடித்திருக்கும், ஒரு முனை மட்டும் அசையும். அலகின் அடிப்பகுதி அந்த முனையில் உரசியபடி சுழலும். அடிப்பகுதியின் மூலை ஸ்பிரிங்கைத் தூக்கும்போது அது வளைந்து ஆற்றலைச் சேர்த்துக்கொள்கிறது. மூலை கடந்ததும் சேர்த்த ஆற்றல் முழுதும் அலகைத் தள்ளி இடத்தில் உட்கார வைக்கிறது. நூறு ஆண்டுக்குப் பிறகும் அந்த ஒலி திருத்தமாக இருந்தால் ஸ்பிரிங்கின் பதம் கெடவில்லை, உரசும் பரப்புகள் தேய்ந்துபோகவில்லை என்று பொருள். ஒரு கத்தியை வாங்குமுன் கண்ணைவிடக் காதை நம்பச் சொல்வேன்.

இந்தக் கத்திகளில் பெரும்பகுதி பிறந்த ஊர் ஷெஃபீல்டு. அங்கிருந்த கத்தித் தொழிலாளர் சங்கத்துக்காக 1624இல் நாடாளுமன்றச் சட்டமே இயற்றப்பட்டது. 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரத் தொழிலாளர், கடிகார ஸ்பிரிங்குக்கு ஏற்ற எஃகு கிடைக்காமல் திண்டாடி, மூசையில் எஃகை முழுக்க உருக்கி வார்க்கும் முறைக்கு வந்து சேர்ந்தார். அதுவரை கிடைத்த எஃகில் கார்பன் ஓரிடத்தில் கூடியும் ஓரிடத்தில் குறைந்தும் இருந்தது. உருகியபோது அது சீராகப் பரவியது, கசடும் மிதந்து பிரிந்தது. தென்னிந்தியக் கொல்லர்கள் மூசையில் எஃகு செய்வதைப் பல நூற்றாண்டுகளாக அறிந்திருந்தார்கள். அந்த உருக்கை ஜார்ஜ் பியர்சன் 1795இல் லண்டன் ராயல் சொசைட்டியில் ஆராய்ந்து எழுதினார். பிறகு ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி செய்பவரும் இளம் மைக்கேல் ஃபாரடேயும் சேர்ந்து அதன் இரகசியத்தைத் தேடி எஃகுக் கலவைகளை உருக்கிப் பார்த்தார்கள். மின்சாரத்துக்காக நாம் நினைவில் வைத்திருக்கும் ஃபாரடே, கத்தி உலோகத்தோடும் பல காலம் மல்லாடியவர்.

ஷெஃபீல்டில் பெரிய கம்பெனிகள் இருந்தன. ஜோசப் ராஜர்ஸ், ஜார்ஜ் வோஸ்டன்ஹோம் ஆகிய பெயர்கள் உலகம் முழுக்கப் போயின. ராஜர்ஸ் கம்பெனி 1822இல் 1822 அலகுகள் கொண்ட ஒரே கத்தியைச் செய்து காட்டியது. ஆனால் வேலையில் பெரும்பகுதியைச் செய்தவர்கள் சிறு அறைகளை வாடகைக்கு எடுத்துக் கூலிக்கு உழைத்த தனிக் கைவினைஞர்கள். அலகைச் சுழலும் மணற்கல்லில் தீட்டியவர்கள் கல்தூளைச் சுவாசித்து நுரையீரல் கெட்டு இளம் வயதிலேயே இறந்தார்கள். பழைய அலகில் சாய்வாக ஓடும் மெல்லிய தீட்டுக் கோடுகளைப் பார்க்கும்போது எனக்கு இது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. அந்தக் கோடுகளைப் பாலிஷ் போட்டு அழிப்பவர்மேல் கோபம் வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி துருவுக்கு வருவோம். இரும்பின்மேல் ஈரம் படியும்போது அதன் பரப்பு மிகச் சிறிய மின்கலங்களாகப் பிரிகிறது. ஒரு புள்ளியில் இரும்பு அணு எலக்ட்ரான்களை விட்டுவிட்டு நீரில் கரைகிறது. பக்கத்துப் புள்ளியில் நீரில் கரைந்த ஆக்சிஜன் அந்த எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்கிறது. கரைந்த இரும்பு மேலும் ஆக்சிஜனோடு சேர்ந்து நீர் கலந்த இரும்பு ஆக்சைடாகப் படிகிறது. இதுதான் செம்பழுப்புத் துரு. தின்னப்பட்ட இரும்பைவிட இது மூன்று மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். பொருபொருவென்று உதிரும், நீரையும் காற்றையும் உள்ளே விடும். அதனால் அடியில் அரிப்பு நிற்பதே இல்லை. பித்தளைத் தகட்டுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் துரு பிடித்தால் அது வீங்கி எலும்புப் பிடியை வெளியே தள்ளும். ஆணியைச் சுற்றி முடிபோல ஓடும் விரிசல் பெரும்பாலும் இப்படி வந்ததுதான், கீழே விழுந்து உடைந்ததல்ல.

அதே இரும்பும் அதே ஆக்சிஜனும் வேறு விகிதத்தில் சேர்ந்தால் கருப்பு ஆக்சைடு கிடைக்கிறது. மேக்னடைட் என்று பெயர், காந்தத்தில் ஒட்டும். இது அடர்த்தியாக, பரப்பை இறுகப் பிடித்துக்கொண்டு படியும். ஆப்பிள், வெங்காயம், உருளைக்கிழங்கு என்று நறுக்கிய கத்தியில் இதனோடு காய்கனிகளின் டானின் சேர்ந்த கருநீலக் கூட்டுப்பொருள்களும் படிகின்றன. வாழைப்பூ நறுக்கிய அரிவாள்மனை கருத்துப்போவதும் இதே வேதியியல்தான். இந்தப் படலம் இரும்பை முழுமையாகக் காக்காது. ஆனால் ஈரம் நேரடியாக இரும்பைத் தொடுவதைக் கணிசமாகக் குறைக்கும். அதனால்தான் பல ஆண்டுகள் பயன்பட்டுக் கருத்த அலகு, அலமாரியில் பளபளவென்று தூங்கிய அலகைவிட நன்றாகப் பிழைத்திருப்பதைக் காண முடிகிறது.

சிவப்பையும் கருப்பையும் ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாற்றவும் முடியும். துப்பாக்கிக் குழலுக்குக் கருநீல நிறம் ஏற்றும் பழைய கைவினைஞர்கள் வேண்டுமென்றே மெல்லிய சிவப்புத் துருவை வரவழைத்து, அதைச் சுத்தமான தண்ணீரில் கொதிக்க வைப்பார்கள். சிவப்பு அப்படியே கருப்பாகும். தேய்த்துவிட்டு மறுபடி துருப்பிடிக்க விட்டுக் கொதிக்க வைப்பார்கள். இப்படிப் பலமுறை. மறுபக்கம் ஷெஃபீல்டின் மிக உயர்ந்த கண்ணாடிப் பளபளப்பு வந்ததும் இரும்பு ஆக்சைடால்தான். மாவுபோல் நுணுக்கிய சிவப்பு இரும்பு ஆக்சைடைக் குழைத்துத்தான் கடைசி மெருகு ஏற்றினார்கள்.

துருவில் மோசமானது குழி விழும் வகை. விரலில் இருக்கும் உப்பின் குளோரைடு ஒரு புள்ளியில் தங்கினால் அங்கே சிறு குழி உண்டாகும். குழிக்குள் கரைந்த இரும்பு நீரோடு வினைபுரிந்து அமிலத்தை உண்டாக்கும், அமிலம் மேலும் இரும்பைக் கரைக்கும், வெளியிலிருக்கும் குளோரைடும் உள்ளே இழுபடும். தானே தன்னை வளர்த்துக்கொள்ளும் வினை இது. வாயில் ஊசிமுனை அளவாகத் தெரிவது உள்ளே அகன்று ஆழமாகப் போயிருக்கும். அதைத் தேய்த்துச் சமமாக்க வேண்டுமானால் குழியின் ஆழத்துக்கு அலகு முழுவதையும் தேய்க்க வேண்டும். ஏற்கெனவே மெலிந்த பேனாக் கத்தி அலகில் அதற்கு உலோகம் ஏது? குழிக்குள் இருக்கும் செந்தூளை எடுத்துவிட்டு, எண்ணெயால் நிரப்பி, குழியைக் குழியாகவே விட்டுவிடுவதுதான் சரி.

நான் இதை எழுதும் மேசையில் எலும்புப் பிடி போட்ட, இரண்டு அலகுள்ள ஷெஃபீல்டுப் பேனாக் கத்தி ஒன்று இருக்கிறது. பெரிய அலகின் அடியில், பிடிக்குள் நுழையும் கட்டைப் பகுதியில், செய்தவரின் முத்திரை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் எழுத்தின் குழிவில் கருப்பு உறைந்திருக்கிறது, எழுத்தின் விளிம்பு இன்னும் கூர்மையாக இருக்கிறது. அலகின் முகத்தில் அமிலத்தால் அரித்து எழுதிய கம்பெனிப் பெயரின் சில எழுத்துகள் மட்டும் வெளிச்சத்தைச் சாய்த்தால் தெரிகின்றன. அமில எழுத்து மயிரிழையினும் மெல்லிய ஆழமே உள்ளது. உப்புத்தாளால் ஒரே ஒருமுறை உரசியிருந்தால் அதுவும் போயிருக்கும்.

அந்த முத்திரைதான் கத்தியின் பிறப்புச் சான்றிதழ். அமெரிக்காவின் மெக்கின்லி வரிச் சட்டம் 1890இல் வந்தது. வெளிநாட்டுப் பொருளில் எந்த நாட்டில் செய்தது என்று பொறித்தாக வேண்டும் என்ற விதி 1891 முதல் அமலுக்கு வந்தது. ஆகவே நாட்டின் பெயர் பொறித்த ஷெஃபீல்டுக் கத்தி பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. பெயர் இல்லாததை வைத்து மட்டும் முந்தியது என்று முடிவுகட்டக் கூடாது, எல்லாக் கத்திகளும் அமெரிக்காவுக்குப் போகவில்லை. கிரீடத்தின் இருபுறமும் விக்டோரியாவின் முதலெழுத்துகள் இருந்தால் 1837க்கும் 1901க்கும் இடைப்பட்ட காலம் என்று கொள்ளலாம். அமெரிக்காவின் கேஸ் கம்பெனி இன்னும் சுலபமான வழி வைத்திருந்தது. 1970இல் முத்திரையின் கீழ் பத்துப் புள்ளி போட்டு, ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். ஏழு புள்ளி இருந்தால் 1973. ஒரு புள்ளியைத் தேய்த்து அழித்தால் வரலாற்றில் ஓராண்டு பிசகும்.

பாலிஷ் சக்கரம் செய்யும் பெரிய கேடு கண்ணுக்குத் தெரியாதது. கத்தி எஃகை ஏறக்குறைய 800 டிகிரி செல்சியஸுக்குப் பழுக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிர்விக்கும்போது, கார்பன் அணுக்கள் வெளியேற நேரமில்லாமல் இரும்பின் படிகக் கட்டுக்குள் சிக்கிக்கொள்கின்றன. மார்ட்டன்சைட் என்னும் இந்த அமைப்பு மிகக் கடினம், ஆனால் கண்ணாடிபோல் நொறுங்கும். அதனால் மீண்டும் மிதமாகச் சூடேற்றிக் கொஞ்சம் கார்பனை விடுவித்து முறுக்கைத் தளர்த்துவார்கள். வெப்பமானி இல்லாத பட்டறைகளில் நிறம்தான் அளவுகோல். மெருகேற்றிய எஃகு 220 டிகிரி வாக்கில் வெளிர் வைக்கோல் நிறமும், 255இல் பழுப்பும், 275இல் ஊதாவும், 300ஐ ஒட்டி நீலமும் காட்டும். பரப்பில் வளரும் ஆக்சைடுப் படலத்தின் தடிமன் மாறமாற அதில் பட்டுத் திரும்பும் ஒளி அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டு இந்த நிறங்களைத் தருகின்றன. அலகை வைக்கோல் நிறத்தில் நிறுத்துவார்கள், கடினம் வேண்டும். ஸ்பிரிங்கை நீலம்வரை கொண்டுபோவார்கள், அது வளைந்து நிமிர வேண்டும்.

இப்போது அந்த அலகின் வாயை மின்சாரச் சக்கரத்தில் அழுத்துங்கள். வாய் மிக மெல்லியது. உராய்வுச் சூடு ஓடிப்போக அங்கே உலோகம் போதாது. சில நொடிகளில் வைக்கோல் நிறத்தைத் தாண்டி நீலத்துக்குப் போய்விடும். பதம் இறங்கிவிட்டது. கொடுமை என்னவென்றால், சாட்சி சொல்ல வேண்டிய நீல நிறத்தையும் அதே சக்கரம் அடுத்த நொடியில் துடைத்துவிடுகிறது. வாங்குகிறவருக்கு வெள்ளிபோல் மின்னும் அலகு கிடைக்கும். சாணை பிடித்து ஒரு மாம்பழம் நறுக்கியதும் வாய் மழுங்கி மடங்கும்போதுதான் உண்மை தெரியும். இதைத் திருத்த மறுபடி உலைக்குப் போக வேண்டும், அதற்குப் பிடியைக் கழற்ற வேண்டும், அதற்கு ஆணிகளைத் துளையிட்டு எடுக்க வேண்டும். அதன்பின் அது பழைய கத்தியே அல்ல.

சரி, என்னதான் செய்யலாம்? பொறுமை உள்ளவருக்கு வேலை எளிது. மூட்டில் தையல் மெஷின் எண்ணெயை விட்டு ஓரிரு நாள் வைத்தால் இறுகிய அழுக்கு இளகும். அலகைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைக்க, கருஞ்சேறு வழிந்து வரும். மரக் குச்சியாலும் பஞ்சாலும் துடைத்துத் துடைத்து எடுத்து, எண்ணெய் தெளிந்து வரும்வரை திரும்பச் செய்ய வேண்டும். அலகின் சிவப்புத் துருவை எண்ணெய் நனைத்துப் பித்தளைத் துண்டின் விளிம்பால் சுரண்டலாம். எஃகையும் கருப்புப் படலத்தையும்விடப் பித்தளை மெத்தென்றது, எனவே அவற்றைக் கீறாது. உதிரும் துருவை மட்டும் வாரிக்கொண்டு வரும். மிச்சத்துக்கு மிக மெல்லிய எஃகுப் பஞ்சு போதும். கை எங்கே நிற்க வேண்டும் என்பது முக்கியம்: துணியில் செந்தூள் ஒட்டுவது நின்றதும் நிறுத்திவிட வேண்டும்.

வீட்டிலிருக்கும் தேங்காய் எண்ணெய் வேண்டாம். தாவர எண்ணெயில் இருக்கும், நாள்பட்டால் பெருகும், கொழுப்பு அமிலங்கள் பித்தளையோடு சேர்ந்து பச்சைக் களிம்பாகப் படியும். தோல் உறையும் அதே வேலையைச் செய்யும், கூடவே ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். துரு போகக் கத்தியை வினிகரில் ஊறப்போடும் பழக்கம் இன்னும் மோசம். அசெட்டிக் அமிலம் துருவோடு நல்ல எஃகையும் கரைக்கும், கருப்புப் படலத்தை உரித்தெடுக்கும். எலும்புப் பிடியானால் அதற்குக் கடினம் தரும் கால்சியம் தாதுவும் கரைந்து மிருதுவான புரதம் மட்டும் மிஞ்சும். வினிகர் புகுந்த மூட்டில் எஃகும் பித்தளையும் ஈரத்தில் தொட்டுக்கொண்டு நிற்கும்போது இன்னொரு மின்கலம் உருவாகிறது. அதில் கரைவது எப்போதும் எஃகுதான்.

பிடிகளில் மான்கொம்புக்குத் தனி மதிப்பு. ஷெஃபீல்டிலும் ஜெர்மனியின் சோலிங்கனிலும் அமெரிக்காவிலும் விரும்பி வாங்கிய கொம்பு நம் காடுகளின் கடமானுடையது. மற்ற மான்களின் கொம்பு நடுவில் பஞ்சுபோல் துளைத்துளையாக இருக்கும். கடமானின் கொம்பில் கெட்டியான வெளிப்பகுதி தடிமனாக இருப்பதால் பிடிக்கேற்ற தகடு கிடைத்தது. ஆண்டுதோறும் தானாக உதிரும் கொம்பானாலும் வணிகம் வேட்டைக்கு மறைவிடமாகும் என்ற கவலை இருந்தது. 1990களின் இறுதியில் இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியது, சரியான முடிவு. இன்று பழைய கொம்புப் பிடிக் கத்திகளின் விலை ஏறியதற்கு அதுவும் காரணம்.

கடைசியாக, சேகரிப்புக்குள்ளேயே இருக்கும் எதிரி. அமெரிக்காவில் ஜான் வெஸ்லி ஹயாட்டும் அவர் சகோதரரும் 1870இல் காப்புரிமை பெற்ற செல்லுலாய்டு, நைட்ரிக் அமிலம் ஏற்றிய பருத்தியின் செல்லுலோஸும் கற்பூரமும் சேர்ந்தது. ஆமையோடு, முத்துச்சிப்பி, தந்தம் என்று எதைப்போலவும் நடிக்கும் இந்தப் பிளாஸ்டிக், 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் லட்சக்கணக்கான கத்திகளின் பிடியானது. பழைய சினிமா பிலிமும் இதே பொருள்தான், பற்றினால் அணைக்க முடியாத அதே குணமும் உண்டு. காலப்போக்கில் இதிலுள்ள நைட்ரேட் பிரிந்து நைட்ரஜன் ஆக்சைடு வாயுவாக வெளியேறும். காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அது நைட்ரிக் அமிலமாகும். அந்த அமிலமே மிச்சச் சிதைவையும் முடுக்கிவிடும். கற்பூரமும் ஆவியாகிப் போவதால் பிடி சுருங்கும், வெடிக்கும், கரகரவென்று பொடியும். ஒளி ஊடுருவும் வகைகள், குறிப்பாக ஆமையோட்டு நடிப்பு, சீக்கிரம் கெடும். தந்த நிறத்துக்காகத் துத்தநாக ஆக்சைடு கலந்தவை நீடிக்கும், ஏனென்றால் அந்தத் தூள் அமிலத்தை முறித்துவிடுகிறது.

ஒரு பெட்டியில் வரிசையாக வைத்த கத்திகளில் ஒன்று மட்டும் இப்படிக் கெட ஆரம்பித்தால், தொடாமலே பக்கத்துக் கத்திகளின் அலகும் துருப்பிடிக்கும். எண்ணெய் பூசி, ஈரம் 50 சதவீதத்துக்குக் கீழே வைத்திருந்தாலும் வாயு போய்ச் சேர்ந்துவிடும். சென்னைபோல் கடற்காற்று வீசும் ஊரில் வேகம் இன்னும் கூடும். மூடியைத் திறந்ததும் கற்பூரத்தோடு காரமான வாசனை ஏதேனும் வந்தால், பித்தளைத் தகட்டின் ஓரத்தில் திடீரென்று பச்சை தெரிந்தால், அந்தக் கத்தியை அன்றே தனியாகப் பிரித்துக் காற்றோட்டமுள்ள குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். மூடிய டப்பாவில் போட்டால் தன் வாயுவிலேயே வேகமாக அழியும்.

பிடியைக் கழற்றி எறிந்துவிட்டு எலும்பு போட்டால் எஃகு தப்பிக்கும். பலர் அப்படிச் செய்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. சிதைவு மூட்டுக்குள் இறங்கி ஸ்பிரிங்கைத் தின்னத் தொடங்கிவிட்டால் நானும் அதைத்தான் சொல்வேன். அதுவரை பிடியோடு சேர்த்தே வைத்திருந்து, மாதம் ஒருமுறை துடைத்து, மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, சிவப்பு தெரிகிறதா என்று லென்ஸில் பார்ப்பதே என் விருப்பம். அந்த ஆமையோட்டு நிறப் பிடியை மறுபடி அதே பொருளில் செய்து தர இன்று அநேகமாக யாரும் இல்லை.